ரொறன்ரோவுக்குப் படலை திறந்த கதை

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. உரத்துச் சொல்லேலாது. என்ரை மனிசி பவளம் குசினிக்கை நிக்கிறா. அவவின்ரை காதிலை விழுந்தால் கதையை அவ சொல்லத் தொடங்கிவிடுவா. அவ சொன்னால் நான் இன்னும் பெரிய விசரனாத் தெரிவன்.

வேலை சின்ன வேலை. வீட்டு ரவுட்டரிலை ஒரு கதவு திறக்கவேணும். அவ்வளவுதான்.

ஏன் திறக்கவேணும் எண்டால், நான் முந்தி ஒலிபெருக்கிச் செற் வாடகைக்கு விட்ட ஆள். கோயில், கலியாணம், சாமத்தியவீடு எண்டு போகாத இடமில்லை. போற இடத்திலை நல்ல நாதஸ்வரம், நல்ல தவில் கேட்டால் கசெற்றிலை பதிஞ்சு வைப்பன். ஒரு அலுமாரி நிறையக் கிடக்கு. ஆர் கேட்டாலும் போட்டுக் காட்டுவன். கொப்பி மட்டும் குடுக்கமாட்டன். குடுத்தால் அவன் அடுத்த கலியாணத்திலை தன்ரை செற்றிலை அதைப் போடுவான், பிறகு என்னை ஆர் கூப்பிடுறது? தொழிலை விட்டுக் கனகாலம். அந்தக் குணம் மட்டும் என்னை விடேல்லை.

என்ரை தங்கச்சி கமலா ரொறன்ரோவிலை. அவளின்ரை மகன் ரூபனுக்குக் கொம்பியூட்டர் வேலை. ஒருமுறை திருவிழாவுக்கு வந்து நிண்டவன், கசெற் எல்லாத்தையும் சோத்துப் பெட்டி அளவிலை ஒரு பெட்டிக்குள்ளை ஏத்தி, அதை ரவுட்டரோடை வயராலை கொழுவிவிட்டான்.

"மாமா, பாட்டு உங்கடை வீட்டிலைதான் இருக்கும். நாங்கள் அங்கையிருந்து கேப்பம். கொப்பி எண்ட கதையே இல்லை."

எனக்கு அது நல்லாப் பிடிச்சுது. கேக்கலாம், கொண்டுபோகேலாது. என்ரை குணத்துக்கெண்டே செய்த மாதிரிக் கிடந்துது.

போன மாரிக்கு மின்னல் அடிச்சு அந்த ரவுட்டர் எரிஞ்சுபோச்சு. புதுசு ஒண்டு வந்துது. ரூபன் திறந்து வைச்ச கதவும் பழசோடை போயிட்டுது. அண்டையிலையிருந்து பவளத்துக்கு ஒரு பழக்கம். கிழக்காலை மேகம் ஒருக்கா உறுமினால் போதும், வீட்டிலை இருக்கிற பிளக் எல்லாத்தையும் ஓடி ஓடிக் கழட்டுவா.

உந்தப் பழக்கத்தை மறந்துபோகாதேங்கோ. நான் மறந்துதான் கெட்டன்.

இந்த ஐப்பசியிலை கமலாவின்ரை மகள் தர்சினிக்குக் கலியாணம். எனக்கு விசா கிடைக்கேல்லை. கமலா போனிலை சொன்னாள்:

"அண்ணை, எனக்குத் தாலி கட்டேக்கை நீங்கள் பதிஞ்சீங்களே ஒரு கெட்டிமேளம், அதுதான் என்ரை பிள்ளைக்கும் வேணும். நான் மேளகாரர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"நீங்கள் இருக்கேக்கை எனக்கென்னத்துக்கு வேற ஆள்?"

எங்கடை குடும்பத்திலை என்ரை செற் இல்லாமல் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. ஐயர் கை காட்டுவார், நான் போடுவன். நான் போகாட்டிலும் என்ரை செற் போகும் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன்.

ரூபனுக்குத்தான் பயம் பிடிச்சிட்டுது. "மாமா, அந்த ஒண்டை மட்டும் வட்ஸ்அப்பிலை அனுப்பிவிடுங்கோவன். பிரச்சினை முடிஞ்சுது."

"அனுப்பினால் பிறகு நான் என்னத்துக்கு?"

அவன் தன்ரை கொம்பியூட்டரைத் திறந்தான். "சரி மாமா. கதவைத் திறப்பம்."

கதவெண்டால் என்னெண்டு கேட்டன். "ரவுட்டர் உங்கடை வீட்டுப் படலை மாதிரி, மாமா. வெளியாலை இருந்து ஆரும் வந்தால் உள்ளை விடாது. நாங்கள்தான் அதுக்குச் சொல்லிவைக்கவேணும், பாட்டுக் கேட்டு வாற ஆளை மறிக்காதை, நேரை அந்தப் பெட்டியிட்டை அனுப்பு எண்டு. அதுக்கு முதல் ரவுட்டரின்ரை பாஸ்வேட் வேணும். முதுகிலை ஒட்டியிருக்கும், பாருங்கோ."

ரவுட்டர் இருக்கிறது சாமித் தட்டுக்குப் பக்கத்திலை. லைற் மினுங்கினால் கும்பிடேக்கை மனம் அலையுதெண்டு பவளம் அதை முதுகு முன்னாலை வரத் திருப்பி வைச்சிருந்தா. போதாததுக்கு ஆயுதபூசைக்குத் தையல் மெசின், சைக்கிள், அரிவாள், தேங்காய் திருவுற பலகை எல்லாத்துக்கும் பொட்டு வைச்ச கையோடை இதுக்கும் வைச்சிருக்கிறா. சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவிலை குங்குமம்.

எல்லாம் பாஸ்வேட்டுக்கு மேலை.

"என்னப்பா உது?"

"ஏன், உதுவும் வேலை செய்யிற சாமான்தானே" எண்டா பவளம்.

நகத்தாலை சுரண்டினன். சந்தனம் போச்சு. அதோடை ஒரு எழுத்தும் போச்சு. மிச்சத்தைப் பாத்து அந்த எழுத்து என்னவா இருக்குமெண்டு ரூபன் அங்கை ஊகிக்க, நான் இஞ்சை அடிக்க, அது பிழை எண்ட, பேந்து அடிக்க, கடைசியா ரவுட்டருக்கே அலுத்துப்போய்த் திறந்துவிட்டிட்டுது.

அவன் சொன்ன நம்பருகளைப் போட்டன். போனிலை தட்டினன். பாட்டு வந்துது.

"ரூபன், வேலை முடிஞ்சுது. மாமன் ஆரெண்டு நினைச்சாய்?"

"மாமா, நீங்கள் வீட்டுக்குள்ளை இருந்தெல்லோ கேக்கிறியள். உள்ளுக்கை எப்பவும் கேக்கும். வெளியாலை போய்ப் பாருங்கோ."

வெளியாலை போனன். படலையிலை நிண்டால் கேக்குது. ஒழுங்கை முடக்கிலை நிண்டுபோச்சு. அங்கை சிக்னல் இல்லையாக்கும் எண்டு நினைச்சு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் சந்திக்கே போயிட்டன். சந்தைக்கு முன்னாலை போனைக் காதிலை வைச்சபடி, கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன். ஒரு சத்தமும் இல்லை.

கத்தரிக்காய் விக்கிற மனிசி என்னைக் கனநேரமாப் பாத்துக்கொண்டிருந்தா போலை. "என்ன அண்ணை, ஆரும் மோசம் போச்சினமோ, செத்தவீட்டுச் செய்தியோ?"

"இல்லைப் பிள்ளை. கெட்டிமேளம் வருதோ எண்டு பாக்கிறன்."

அவ என்னை மேலையும் கீழையும் பாத்திட்டுக் கத்தரிக்காயைப் பாக்கத் தொடங்கிட்டா.

ரூபனுக்கு எடுத்தன். அவன் எதையோ தட்டிப் பாத்திட்டுச் சொன்னான்: "மாமா, அந்தக் கதவு இப்ப உங்கடை ரீவீக்குத் திறந்து கிடக்கு."

"ரீவீக்கோ? நான் பெட்டிக்கல்லோ திறந்தனான்."

"நடுவிலை கரண்ட் நிண்டதோ?"

கரண்ட் நிக்கேல்லை. நான் படலை தாண்டின நேரம் மேகம் உறுமினது. பவளம் பிளக்கைக் கழட்டிப்போட்டுத் திரும்பக் கொழுவியிருக்கிறா.

ரூபன் வடிவா விளங்கப்படுத்தினான். ரவுட்டர் எல்லாச் சாமானுக்கும் ஒவ்வொரு நம்பர் குடுக்குமாம், பந்தியிலை இருத்துற மாதிரி. பிளக்கைக் கழட்டினால் எல்லாரும் எழும்பவேணும். திரும்ப வரேக்கை முந்தி வாறவன் முன் இலையிலை குந்துவான். எங்கடை பெட்டி எழும்பிவரக் கொஞ்சம் சுணக்கம். ரீவீ ஓடிவந்து அதின்ரை இலையிலை இருந்திட்டுது. கதவு பழையபடி அந்த இலைக்குத்தான் ஆளை அனுப்புது.

"அதோடை இன்னொண்டு மாமா. வெளியாலை போங்கோ எண்டு நான் சொன்னது, போனிலை வைபையை நிப்பாட்டுங்கோ எண்டு. வீட்டுக் கதிரையிலை இருந்துகொண்டே பாத்திருக்கலாம்."

அதை நான் வீட்டிலை நிக்கேக்கையே சொல்லியிருக்கலாம். வைபையை அந்த இடத்திலேயே நிப்பாட்டினன். கோவத்திலை நிப்பாட்டினது. பேந்து போடவே இல்லை.

வீட்டை வந்து பவளத்தின்ரை போனாலை நம்பரை மாத்தினன். அங்கை கேட்டுது. அடுத்த நாள் மழை இருட்டு. பிளக் போச்சு, இலை மாறிச்சுது, கதவு ரீவீக்கு. திரும்ப மாத்தினன். திரும்ப உறுமிச்சுது.

"பவளம், உந்தப் பிளக்கைத் தொடாதையும்."

"பழசு எரியேக்கையும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

நான் போய் நம்பரைத் திரும்ப மாத்தினன்.

கலியாணத்துக்கு முதல் நாள். அந்த இலையிலை பெட்டியின்ரை பேரை எழுதி வைச்சால் வேற ஒருத்தரும் இருக்கேலாது, அதுக்கொரு வழி இருக்கெண்டு ரூபன் சொன்னான். அதைச் செய்வமெண்டு என்ரை போனிலை தட்டினால் ரவுட்டரின்ரை பக்கம் திறக்குதில்லை. பெட்டி உயிரோடைதான் இருக்கோ எண்டு பாக்க, அதை என்ரை பழைய அம்பிளிபயரிலை கொழுவி அந்தக் கெட்டிமேளத்தைத் திரும்பத் திரும்பப் போட்டன். வீடு அதிருது. பவளம் பக்கத்திலை போனை மடியிலை வைச்சுக்கொண்டு வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. வெங்காயத்துக்கோ, மேளத்துக்கோ, கண் கலங்கியிருந்துது.

ரவுட்டரின்ரை முதுகிலை ஒரு சின்ன ஓட்டை கண்டன். உதுக்குள்ளை குத்தினால் எல்லாம் புதுசாத் தொடங்குமெண்டு ஆரோ சொன்ன ஞாபகம்.

மேளத்துக்கு மேலாலை கத்தினன். "பவளம், குண்டூசியைக் கொண்டாரும். உதுக்கு ஒரு குத்துக் குத்தாமல் சரிவராது."

"ஐயோ, பேசாமல் விடுங்கோப்பா."

விடேல்லை. குத்தினன்.

எல்லாம் புதுசாத்தான் தொடங்கிச்சுது. கதவு இல்லை, நம்பர் இல்லை, பாஸ்வேட்டும் ஒத்துவருதில்லை. ரூபனுக்குச் சொன்னன்.

அண்டைக்குச் சோறு இறங்கேல்லை. மேளகாரர் இல்லாத கலியாணம். கமலா அவையளுக்குச் சொல்லாமல் விட்டது என்னை நம்பி.

விடிய ரூபன் எடுத்தான். "மாமா, உங்களுக்கு இரவா இருந்த நேரம் முழுக்க நான் இஞ்சையிருந்து ஏதோ செய்து பாத்தன். எல்லாம் சரி. நல்லாக் கேக்குது. நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ."

"என்ன செய்தனி?"

"சொன்னால் விளங்காது மாமா."

உண்மைதானே எண்டு நானும் விட்டிட்டன். பவளம் புட்டு அவிச்சா.

அங்கை காலமை முகூர்த்தம், இஞ்சை பொழுதுபட்ட நேரம். நான் வேட்டி கட்டி, பவளம் கூறை உடுத்தி, ரெண்டு பேரும் போனுக்கு முன்னாலை. வீடியோவிலை மண்டபம் முழுக்கத் தெரியுது. ரூபன் தன்ரை போனைப் பெரிய ஸ்பீக்கரிலை கொழுவி வைச்சிருந்தான். என்ரை கை அசைஞ்சால் அவன் தட்டுறது. அப்பிடித்தான் ஒப்பந்தம்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். நான் கையை உயத்தி விட்டன்.

வந்துது பாருங்கோ கெட்டிமேளம். கமலா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். இஞ்சை ஒழுங்கைக்கை இருக்கிற வீட்டிலையிருந்து அங்கை ஒரு மண்டபத்தையே நிரப்பிக்கொண்டிருக்கிறன்.

அந்த நேரம் பாத்து இஞ்சை வானம் உறுமிச்சுது.

பவளம் எழும்பினா. பழக்கம். கூறைச் சீலையோடை நேரை சாமித் தட்டடிக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினா. ரவுட்டர் செத்துது. பெட்டியும் செத்துது. வைபை இல்லாமல் ஓடுற என்ரை போன் மட்டும் சாகேல்லை. மண்டபம் முழுக்க என்னைப் பாக்குது, வாய் திறக்கேலாது. முகத்தைச் சிரிச்சபடி வைச்சுக்கொண்டு மேளம் நிக்கப்போகுதெண்டு பாத்தன்.

நிக்கேல்லை.

உங்களுக்கு இப்ப விளங்கியிருக்கும். எனக்கு விளங்கேல்லை. என்ரை புத்தி போன போக்கைச் சொல்லுறன்: ரவுட்டர் செத்த பிறகும் பாட்டுப் போகுதெண்டால், நான் எவ்வளவு பலமாக் கதவைத் திறந்திருக்கிறன் எண்டு பெருமைப்பட்டன்.

மாப்பிள்ளை அங்கை பிறந்து வளந்த பெடியன். முடிச்சுப் போடத் தடுமாறுறார். மேளம் போய்க்கொண்டே இருக்குது. கடைசி முடிச்சுக்குக் கையை வைக்க, மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாத்திலையும் என்ரை குரல் கேட்டுது.

"பவளம், குண்டூசியைக் கொண்டாரும். உதுக்கு ஒரு குத்துக் குத்தாமல் சரிவராது."

அதுக்குப் பக்கத்திலை, போனுக்குக் கிட்ட, நல்ல தெளிவா:

"ஐயோ, பேசாமல் விடுங்கோப்பா."

மாப்பிள்ளை திடுக்கிட்டுக் கையை எடுத்திட்டார். ஐயர் அட்சதையைக் கையிலை பிடிச்சபடி மேலை பாக்கிறார். பிறகு மண்டபம் கொல்லெண்டு சிரிச்சுது. தர்சினி சிரிச்ச சிரிப்பிலை தாலி குலுங்கினது. அழுதுகொண்டு நிண்ட கமலா கண்ணைத் துடைச்சுக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள்.

"அண்ணை, விசா இல்லாமலே வந்து சேந்திட்டியள்."

ரூபன் தூணுக்குப் பின்னாலை ஒளிச்சிட்டான்.

நான் பவளத்தைத் திரும்பிப் பாத்தன். கையிலை பிளக் தொங்குது. முகத்திலை ஒண்டுமில்லை.

"நீர் கொப்பி குடுத்தனீரோ?"

"நான் ஏன் குடுக்கிறன்? நான் வெங்காயம் உரிச்சனான். போன் தன்ரைபாட்டிலை கேட்டுக்கொண்டு கிடந்தது."

"பேந்து எப்பிடி ரூபனிட்டைப் போச்சு?"

"அதுக்கும் கதவு திறந்து கிடந்ததாக்கும்."

வானம் வெளிச்சுது. பவளம் பிளக்கைத் திரும்பக் கொழுவினா. ரவுட்டரின்ரை முதுகைச் சீலைத் தலைப்பாலை துடைச்சா. பாவம், நேற்றுக் குத்து வாங்கினது எண்டுபோட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, ஒரு பெரிய பொட்டாக் குழைச்சு வைச்சா.

சரியாப் பாஸ்வேட்டுக்கு மேலை.