எதுவும் காணாமல் போகாத திருட்டு

மின்சார மூளையிடமிருந்து மனிதனின் மானத்தைக் காக்கும் சட்டத்தை உலகுக்கு முதன்முதலில் வகுத்துக் கொடுத்த பெருமை போடிநாயக்கனூரைச் சேரும். சீமையில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படியொரு சிக்கல் வரப்போவதையே அறியாமல் தூங்கிக்கொண்டிருந்த 1957-ஆம் ஆண்டில், மலைச்சரக்கு வியாபாரிகள் நேசச் சங்கம் ஒரே பிற்பகலில் அதைத் தீர்த்துவைத்தது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஏலக்காய் வியாபாரி ராஜாராமுடையது. அவர்தான் கடைசிவரை அதை ஏற்க மறுத்துவிட்டார்.

ராஜாராம் குடும்பத்தின் கௌரவம் முழுவதும் ஒரு பகையில் இருந்தது. குரங்கணித் தோட்டக்காரர் தவசி அவருக்குச் சம்பந்தி. ராஜாராமின் மகள் கருத்தம்மாளைத் தவசியின் மகனுக்குக் கொடுத்தபோது, கல்யாணப் பத்திரிகையில் தவசியின் பெயர் கொட்டை எழுத்திலும் ராஜாராமின் பெயர் பொடி எழுத்திலும் அச்சாகிவிட்டன. "இனி அந்தத் தோட்டத்து ஏலக்காய் ஒண்ணுகூட என் சரக்குக் கிட்டங்கிக்குள்ள வராது" என்று ராஜாராம் பந்தியிலேயே அறிவித்தார். பதினொரு வருடமாக ஊர் அந்தப் பகையைத் தேர்போலப் பேணி வந்தது. இருவரும் ஒரே பஸ்சில் ஏறிவிட்டால், கண்டக்டரே ஒருவரை முன்னாலும் மற்றவரைப் பின்னாலும் கொண்டுபோய் உட்காரவைப்பார்.

அந்நாளில் சங்கத்தில் வாராவாரம் வியாபாரம் துண்டுக்கடியில் நடந்தது. விற்பவர் மடியில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பார். வாங்குபவர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் போய், துண்டுக்குள் கையை நுழைத்து, விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். பேரம் படிந்தால் இருவரும் சீட்டில் கையெழுத்திட்டுச் சங்கப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியை யாரும் திறப்பதில்லை. மூட்டையில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும்.

முறை என்பதால் ராஜாராம் தவசியிடமும் போவார். அவர் முகத்தை மேற்கே திருப்பிக்கொள்வார், தவசி கிழக்கே. பார்த்தவர்களுக்குப் புல்லரிக்கும். துண்டுக்குள் நடந்தது வேறு. தவசியின் சரக்கு ஒரு மூட்டை தவறாமல் ராஜாராமின் கிட்டங்கிக்கே போயிற்று. விலை படிந்த பிறகும் விரல்கள் சற்றுநேரம் அங்கேயே இருக்கும். மகள் சுகமா என்று ஓர் அழுத்தம். சுகம் என்று பதிலுக்கு ஓர் அழுத்தம்.

இப்படி இருக்கையில்தான் சங்கச் செயலாளர் ஜெபமணிக்கு 'முற்போக்கு' வந்தது. மதுரையில் ஒரு கம்பெனி வேண்டாமென்று கழித்த 'மின்சார மூளை'யை ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பீரோ அகலம். சீட்டில் உள்ளதை அட்டையில் ஓட்டைகளாகக் குத்திக் கொடுத்தால், நாலாயிரம் அட்டையானாலும் சோறு வேகும் நேரத்தில் இனம் பிரித்துவிடும். இயக்குவதற்குச் சத்தியநேசன் என்பவர் கழுத்தில் டையோடு வந்தார். 'பாதுகாப்பு ஏற்பாடுகள்' பலமாக இருந்தன. கதவுக்கு மூன்று பூட்டு, சன்னலுக்கு முள்கம்பி, வாசலில் வேல்கம்புடன் ஒரு காவல்காரர். பன்னிரண்டு பேர் தூக்கி வந்த இயந்திரத்தை ஒரு திருடனும் தூக்கிப் போகவில்லை. ஏற்பாடு முழு வெற்றி.

மூளைக்குப் பசி அதிகம். பெட்டியிலிருந்த பழைய சீட்டுகள் அத்தனையும் அதற்கு ஊட்டப்பட்டன. யார் சரக்கு யாரிடம் போகிறது என்று அது பிரித்துக் கொடுத்த பட்டியலில் முதல் வரியை ஜெபமணி பெருமையோடு விளம்பரப் பலகையில் ஒட்டினார். 'நேசத்தில் முதலிடம்: தவசி – ராஜாராம். பதினொரு வருடம், இடைவிடாமல்.'

அன்று மத்தியானம் ராஜாராமின் மனைவி அன்னக்கொடி இலையில் சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"பேரன் காதுகுத்துக்குக்கூட என்னையப் போகவிடல. கௌரவம்னீக. நீங்க மட்டும் வாராவாரம் அந்த மனுசன் கையப் புடிச்சிட்டு இருந்திருக்கீக."

ராஜாராம் சாப்பிடாமல் எழுந்து நேரே காவல் நிலையம் போனார். அங்கே ஏட்டு மொக்கையன் பேனாவோடு தயாராக இருந்தார்.

"என்ன களவு போச்சு மொதலாளி?"

"ரகசியம்."

"எத்தனை உருப்படி?"

"ஒண்ணுதான்."

"இப்ப அது எங்க இருக்கு?"

"இருந்த எடத்துலதான் இருக்கு. சீட்டும் இருக்கு, அட்டையும் இருக்கு."

ஏட்டு பேனாவை மூடினார். "எதுவுமே குறையலையே. வச்சது வச்ச எடத்துல இருந்தா அது எப்படிக் களவாகும்? சரி, அடையாளம் சொல்லுங்க. என்ன ரகசியம்னு வெவரமா எழுதிக்கிறேன். எழுதுனத வாசல் பலகையில ஒட்டணும், அது முறை."

ராஜாராம் புகார் கொடுக்காமல் திரும்பினார்.

வேறு வழியின்றிச் சங்கம் கூடியது. நாற்பது உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். வழக்கப்படி தவசி கிழக்குச் சுவர் ஓரமாகவும் ராஜாராம் மேற்குச் சுவர் ஓரமாகவும் உட்கார்ந்தார்கள்.

"அந்த அட்டை பொய்னு தீர்மானம் போடுங்க. என் குடும்ப மானம் போகுது" என்றார் ராஜாராம்.

மொத்த வியாபாரி வேலுச்சாமி எழுந்தார். "அண்ணே, மனுசன் பொய் சொல்லுவான். மெசினு எதுக்குச் சொல்லணும்? அதுக்குப் பொண்டாட்டியா, புள்ளையா, சம்பந்தியா?"

சபை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

சத்தியநேசன் தொண்டையைச் செருமினார். "ஓர் அட்டை பொய் என்றால் நாலாயிரமும் பொய்யாகிவிடும், ஐயா."

"அப்ப மெய்தான்" என்றது சபை, ஒரே குரலில்.

ராஜாராம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "நல்லது. மெய்னா ரெண்டாவது வரியையும் வாசிங்க தம்பி. அதுக்கப்பறம் மூணாவது. வெரசா வேணாம், நிறுத்தி வாசிங்க."

சத்தியநேசன் பட்டியலை விரித்தார். "இரண்டாவது. திரு. வேலுச்சாமி அவர்கள், தம் பங்காளியின் சரக்கைத் தம் பெயரில்…"

"மெசினு சூடாயிருச்சு" என்றார் வேலுச்சாமி. "கருகுன வாசம் வருது. யாருக்கும் வரலையா?"

முப்பத்தெட்டு மூக்குகளுக்கும் வந்தது. தலைமுறைகள் பயன்பெறும் அந்தத் தீர்மானம் உடனே நிறைவேறியது: 'மின்சார மூளை அடுத்தவரைப் பற்றிச் சொல்வது உண்மை. நம்மைப் பற்றிச் சொல்வது இயந்திரக் கோளாறு. ஆகவே முதல் வரி மட்டும் மெய் என்றும், ஏனைய உறுப்பினர்களின் அட்டைகள் பொய் என்றும் இச்சங்கம் அறிவிக்கிறது.' முப்பத்தெட்டுப் பேரும் முண்டியடித்துக் கையெழுத்திட்டார்கள்.

கிழக்குச் சுவரிலிருந்து தவசி முதன்முறையாக வாய் திறந்தார்.

"ஒரு சந்தேகம். அட்டை, சீட்டப் பாத்துக் குத்துனது. சீட்டு, இவுக கையெழுத்துப் போட்டது. அட்டை பொய்னா சீட்டு என்ன, சம்பந்தி?"

அவர் கேட்டது சபையை அல்ல, மேற்குச் சுவரை. பதினொரு வருடத்தில் துண்டில்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

"அதை நம்ம எதுக்குச் சொல்லணும் சம்பந்தி? அவுகளே எழுதிக் குடுத்துட்டாக" என்றார் ராஜாராம். இருவரும் எழுந்துபோய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தத் தீர்மானம் சங்கச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நெடுங்காலம் தொங்கியது. ஊரின் பெரிய மனிதர்கள் முப்பத்தெட்டுப் பேர், தாங்கள் அதுவரை எழுதியதெல்லாம் பொய் என்று முழு மனதோடு ஒப்புக்கொண்ட ஒரே பத்திரம் அதுதான். இயந்திரத்தின் பங்கு அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.