சராசரியாக நாங்கள் கே.ஆர்.புரத்தில் இறங்கினோம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நாலு பிள்ளைகள், வளர்த்தது ஆறு (மிச்சம் இரண்டும் என் ஓர்ப்படி விட்டுவிட்டுப் போன பிள்ளைகள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள், என்னைத்தான் அம்மா என்பார்கள்). ஆறு பேரையும் ஆளாக்கி, ஆறு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இந்தக் கிழவிக்கு ஒன்றுமே தெரியாது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்கு நிறையத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பேர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.

என் பேரை எழுதுவேன். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன் (கன்னடத்திலும்தான்; ஆனால் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்). அதற்கு மேல் கை வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நித்யா எழுதுகிறாள். நான் "போச்சு" என்றால் அவள் "போயிற்று" என்று எழுதுகிறாள். படித்த பிள்ளை, எழுதிவிட்டுப் போகட்டும்.

வினை ஆரம்பித்ததும் அவளால்தான். கோலார் பக்கத்தில், மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில் அங்கேதான் புறப்படும். நித்யா அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அந்த ரயிலில் போகிறவர்களில் நாற்பது பேரைப் பிடித்து, "உட்கார இடம் கிடைத்ததா?" என்று கேட்டு எழுதி வரும்படி அவள் டீச்சர் சொல்லியிருந்தார். நாற்பது பேரைக் கேட்டால் ரயிலில் போகிற அத்தனை பேர் கதையும் தெரிந்துவிடுமாம். சாம்பிள் என்று பேராம் அதற்கு. கேட்கப் போக வேண்டிய நேரத்தில் பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டது.

"நான் போறேன்" என்றேன்.

"ஆயா, உனக்கு எழுத வராதே."

"கோடு போடக்கூடவா வராது? கெடச்சிதுன்னா ஒரு கோடு, கெடைக்கலன்னா ஒரு வட்டம். ஆறு புள்ளைங்கள வளத்தவ, நாப்பது பேர கேக்க மாட்டனா?"

மறுநாள் காலை ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, பரீட்சை அட்டையும் பென்சிலுமாகப் புறப்பட்டேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் சாவகாசமாக ஏறி, ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்து, எதிர் சீட்டில் காலையும் வைத்திருந்தார்கள். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கினேன்.

"இன்னாப்பா, சீட்டு கெடச்சிதா?"

"கெடச்சிது ஆயா. நீயும் குந்து."

ஒரு கோடு. அடுத்தவரிடம் இன்னொரு கோடு. போகப் போக எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. ஒரே ஒருவன் மட்டும் கதவோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "நான் நின்னுகினுதான் போவேன் ஆயா" என்றான். இவனால் என் தாள் கெட்டுப்போகும் என்று தோன்றியது. தோளைப் பிடித்து அழுத்தி ஒரு சீட்டில் உட்கார வைத்தேன்.

"இப்ப?"

"இப்ப கெடச்சிது."

அவனுக்கும் ஒரு கோடு.

நித்யா படுத்தபடியே தாளைப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு வட்டம் இல்லை.

"யார கேட்ட ஆயா?"

"ரயில்ல குந்தினு இருந்தவங்கள."

"குந்தினு இருக்கறவங்கள கேட்டா சீட்டு கெடச்சிதுன்னுதான் சொல்லுவாங்க! அதுவும் மாரிகுப்பத்துல. ரயிலே இங்கதான் பொறப்படுது. பங்காருபேட்டைல ஏறுறவங்க, மாலூர்ல ஏறுறவங்க, எல்லாரையும் கலந்து கேக்கணும். இது ஒருதலையான சாம்பிள்."

"ஏன், மாலூர்க்காரனுக்குத் தனி ரயிலா உடறாங்க?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காய்ச்சல் வேகம் என்று நினைத்தேன்.

அந்தத் தாளை அவள் வேண்டாம் என்று போட்டுவிட்டாள். நான் எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். நான் கைப்பட எழுதிய முதல் ஆராய்ச்சி அல்லவா? ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலை ரயிலில் நான் பங்காருபேட்டையைத் தாண்டிப் போனதே கிடையாது. சந்தைக்குப் போவேன், அங்கே இறங்கிவிடுவேன். நான் இறங்கிய பிறகு அந்த ரயில் என்ன கதி ஆகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நாளில் நித்யாவின் அண்ணன் பிரபுவுக்குப் பெண் அமைந்தது. பெண் வீடு கே.ஆர்.புரத்தில். நாங்கள் தட்டு வரிசையோடு போய், நல்ல நேரத்துக்குள் தட்டு மாற்றி நிச்சயம் செய்ய வேண்டும். காலை பத்தே காலோடு நல்ல நேரம் முடிகிறது. அதை விட்டால் அடுத்த நல்ல நாள் ஆடி கழிந்துதான். அதற்குள் யார் மனசு எப்படி மாறும், யார் கண்டது?

என் மகன் சேகர், அதாவது பிரபுவின் அப்பா, வேன் பிடிக்கலாம் என்றான். வேன் என்றால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

"ரயில்லயே போலாம்" என்றேன்.

"ஆயா, நான் தெனம் அதுலதான் வேலைக்குப் போறேன்" என்றான் பிரபு. "பங்காருபேட்டை தாண்டினா மூச்சு உட முடியாது. சொன்னா கேளு."

நான் எழுந்துபோய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து வந்தேன்.

"நீ ஒருத்தன் சொல்ற. இங்க நாப்பது பேர் சொல்றாங்க. யார நம்பறது?"

நித்யா வாயைத் திறந்தாள். சேகர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். (நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் என்னோடு பேசிப் பிரயோசனம் இல்லை என்பது ஆறு பேருக்கும் தெரியும்.)

அன்றைக்கு மாரிகுப்பத்தில் எங்கள் கூட்டம் முழுவதற்கும் சீட்டு கிடைத்தது. பெண்கள் எல்லோரும் பெட்டியின் நடுவில் உட்கார்ந்தோம். ஒன்பது தட்டு: புடவை, பழம், பூ, வெற்றிலை, இன்னும் என்னென்னவோ. லட்டுத் தட்டு என் மடியில். பிரபு மட்டும் கோட்டு கசங்கும் என்று உட்காராமல் கதவோரம் நின்றான். துணைக்கு அவன் அப்பாவும் மற்ற ஆண்களும் அங்கேயே நின்றார்கள்.

"பாத்தியாடா?" என்று இங்கிருந்தே கத்தினேன். அவன் கோட்டை நீவிக்கொண்டான்.

பங்காருபேட்டை வந்தது. கதவு வழியாக ஏறியது கூட்டம் அல்ல, பங்காருபேட்டையே ஏறியது. மாலூரில் மாலூரும் ஏறியது. என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஷிப்டுக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போது மூக்கு அரித்தால் அடுத்தவன்தான் சொறிந்துவிட வேண்டும் என்பார். ஜம்பம் அடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒருவருடைய சாப்பாட்டுப் பை என் தலைமேல் உட்கார்ந்திருந்தது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. சாம்பார் சாதம் என்பது மட்டும் தெரிந்தது.

"ஆயா" என்றாள் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த நித்யா. "இப்ப கேளு."

"இன்னாத்த?"

"சீட்டு கெடச்சிதான்னு. இதோ நிக்கறாங்களே, இவங்கள கேளு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் யாருடைய முழங்கையாவது உள்ளே போயிருக்கும்.

வொயிட்ஃபீல்டில் ஒரு பெருங்கூட்டம் இறங்கியது. கதவோரம் நின்றவர்கள் இறங்க மாட்டோம் என்றால் விடுமா? வெள்ளத்தில் போகிற வைக்கோல் மாதிரி பிரபுவையும் சேகரையும் மற்ற ஆண்களையும் அடித்துக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் போட்டது. அவர்கள் திரும்பி ஏறுவதற்குள் வேறொரு கூட்டம் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டது. ரயில் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மாப்பிள்ளை கோட்டோடு ஓடி வருகிறான். ஒரு காலில் ஷூ இல்லை. அது எங்கள் பெட்டியில் இருந்தது.

அடுத்தது கே.ஆர்.புரம். நாங்கள் எழுந்திருக்கத்தான் பார்த்தோம். எழுந்து நிற்பதற்கு முதலில் நிற்க இடம் வேண்டுமே! ஜன்னலுக்கு வெளியே சம்பந்தி, அதாவது பெண்ணின் அப்பா, கையில் மாலையோடு நிற்கிறார். மேளக்காரர்கள் எங்களைப் பார்த்தே வாசிக்கிறார்கள். இருபதடி தூரம்தான். கடல் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "ஐயா, எங்கள உடாட்டி போங்க! தட்டையாவது எறக்குங்க! பொண்ணு வூட்டுக்கு நிச்சயத் தட்டு!"

அந்த ஜனங்களைக் குறை சொல்லவே மாட்டேன். நிச்சயத் தட்டு என்று காதில் விழுந்ததும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே கூச்சல். அத்தனை பேர் கையும் மேலே எழுந்தது. புடவைத் தட்டு தலைகளுக்கு மேலே மிதந்து போனது. பின்னாலேயே பழம் போனது, பூ போனது, வெற்றிலை போனது. கதவோரம் நின்றவர்கள் ஒவ்வொன்றாக வாங்கி சம்பந்தி கையில் கொடுத்தார்கள். தட்டுகள் மரியாதையாக இறங்கின. மனுஷர் ஒருவர்கூட இறங்கவில்லை. ரயில் புறப்பட்டுவிட்டது.

உதவி செய்தவர்களுக்கு வாயால் நன்றி சொன்னால் போதுமா? மடியிலிருந்த தட்டிலிருந்து ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தேன்.

அடுத்த ஸ்டேஷனான பையப்பனஹள்ளியில் எப்படியோ பிய்த்துக்கொண்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். நித்யாவின் போன் அடித்தது. சம்பந்தி.

"இன்னாம்மா, தட்டு வந்துடுச்சி, ஆளுங்க எங்க? பின்னாடி பார்சல்ல வராங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். (ஆட்டோவும் குழியில் இறங்கியது, அதுவும் ஒரு காரணம்.) நித்யா போனை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு? மானம் போவுது."

"இல்ல ஆயா. ஆம்பளைங்க எல்லாம் முன்னாடியே எறங்கிட்டாங்க. நாம தாண்டிப் போயி எறங்கிருக்கோம். ரெண்டையும் கூட்டி சராசரி எடுத்தா, நாம அத்தினி பேரும் கரெக்டா கே.ஆர்.புரத்துலதான் எறங்கியிருக்கோம்!"

ஒருவரும் இறங்காத இடத்தில் எல்லோரும் இறங்கியதாக ஒரு கணக்கு! எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இத்தனை நாள் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே என்று இருந்தது.

பெண் வீட்டு வாசலில் நிற்கும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. அதே நேரம் எதிர்ப்பக்கமிருந்து வந்த ஆட்டோவில் பிரபு ஒற்றை ஷூவோடு இறங்கினான். பெண்ணின் அத்தை வசந்தா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடித்தால்தான் சாப்பாடு இறங்கும்.

"இன்னாங்க சம்பந்தியம்மா, ரயில் ஏறத் தெரிஞ்ச உங்களுக்கு எறங்கத் தெரியலியா?"

நான் நிமிர்ந்து நின்றேன். "சராசரியா பாத்தா நாங்க கரெக்டாதான் எறங்கினோம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "அது இருக்கட்டும். எண்ணிப் பாத்தேன், எட்டு தட்டுதான் கீது. ரெட்டைப்படை! நல்ல காரியத்துக்கு யாராச்சும் ரெட்டைப்படையில தட்டு வெப்பாங்களா? எங்க அண்ணன் கை நீட்டி எப்பிடி வாங்குவாரு?"

கூடத்தில் பெரியவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். சேகர் என்னைப் பார்த்தான். பேரன் நிச்சயம் இந்தக் கிழவியால் நின்றது என்று ஆயுசுக்கும் சொல்வார்களே! அப்போதுதான் இடுப்பில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தேன். லட்டுத் தட்டு. பையப்பனஹள்ளியிலிருந்து கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

"இதோ, ஒம்பதாவது" என்று வைத்தேன்.

வசந்தா எட்டிப் பார்த்தாள். "ஒரே ஒரு லட்டுதான் கீது!"

"ஒண்ணுன்னா ஒத்தப்படைதானே?" என்றேன்.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். உள்ளறைக் கதவருகே நின்று பிரபுவின் ஷூ இல்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு அவள் அப்பா சிரித்தார். சிரித்தபடியே வந்து கையை நீட்டினார். நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாறியது.

அந்த ஒற்றை லட்டை வசந்தாவே உடைத்து வாயில் போட்டுப் பார்த்தாள். "லட்டு நல்லாத்தான் கீது. மீதியும் இப்பிடித்தான் இருந்திருக்கும், பாவம்."

நான் நித்யாவை இடித்தேன். "பாத்தியா? அந்தம்மா ஒண்ண தின்னுட்டு அத்தினிக்கும் சொல்றாங்க. நான் நாப்பது பேர கேட்டதுக்கு ஒத்துக்க மாட்டேன்னியே!"

"ஆயா, லட்டு எல்லாம் ஒரே அண்டாவுல கலந்து புடிச்சது. எத எடுத்தாலும் ஒண்ணுதான். ரயிலு அப்பிடி கலந்ததில்ல. உக்காந்தவங்க ஒரு பக்கம், நிக்கறவங்க ஒரு பக்கம்."

இதை அன்றைக்கே லட்டை வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்காதா? படித்தவர்களுக்கு எதை வைத்துச் சொல்வது என்று தெரிவதில்லை.

திரும்பியது வேனில்தான். கோலார் வருவதற்குள் என்ன நடந்தது என்பதை நித்யா எழுத மாட்டேன் என்கிறாள். சரி, விட்டுவிடலாம்.

பிரபுவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்து பொரியலில் உப்பே இல்லாமல் போனால், "சராசரியா உப்பு சரியா கீது" என்கிறார்கள். யாராவது வழி தப்பிப் போனால், "ஆயா கணக்குப்படி வந்து சேந்துட்டாங்க" என்கிறார்கள். வசந்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிறாள். வந்ததும் தட்டில் லட்டை எண்ணுகிறாள். டீச்சரிடம் நித்யா என் தாளையே கொண்டுபோய், சாம்பிள் எப்படி எடுக்கக் கூடாது என்பதற்குக் காட்டினாளாம். முழு மார்க். கோடு போட்டது யார்? நான்தானே!

சரி கண்ணு, போதும். எழுதினத ஒரு தரம் படிச்சிக் காட்டு. இரு, இரு, மொதல்லருந்து படிக்காத. மொதல்ல நான் ஆறு பேர வளத்ததுதான் கீது. அத மட்டும் கேட்டா என்னிய புத்திசாலின்னுதான் சொல்லுவாங்க. பங்காருபேட்டைக்கு அப்பறம் கொஞ்சம், வசந்தா பேசினது கொஞ்சம், நல்லா கலந்து எடுத்துப் படி.