பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து

மனித குலத்தைக் குளிரிலிருந்து காப்பாற்றப் புறப்பட்ட சபைகள் உலகில் இரண்டு. தென்துருவத்துக்குப் போனவர்கள் சேர்ந்து அமைத்தது ஒன்று. மற்றது, நாரந்தனை இடம்பெயர்ந்தோர் ஆறுதற் கழகம். முதலாவதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாவதில் நான் செயலாளர்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தெற்கே கடைகளைப் பறிகொடுத்த நான்கு குடும்பங்கள் கப்பலில் வந்திறங்கி, ஊரின் எல்லையில் வெறுமையாய்க் கிடந்த ஒரு புகையிலைக் கொட்டிலில் தங்கியிருந்தன. அவர்களுக்காகவே கழகம் பிறந்தது. தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் வைத்திலிங்கம். கூட்டங்களை ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கி, அந்த ஐந்து நிமிடத்தையும் குறிப்பேட்டில் பதியச் சொல்லும் நேர்மையாளர். காணிக்காரர் ஏரம்பு உபதலைவர். கொட்டிலும் அவருடையதுதான். பழுதாய்ப்போன கூரையோடு அதை 'மனமுவந்து' தந்திருந்தார்.

லண்டனில் இருக்கும் எங்கள் ஊரவர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் மக்கள் முகாமில் இருக்கிறார்கள் என்று அதில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். அவர்கள் பொறுப்புள்ளவர்கள். முகாமுக்கு வேண்டிய சாமான் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, விடுமுறைக்கு மலையேறிக் கூடாரமடிப்போர் போகும் கடையொன்றுக்கே போய்விட்டார்கள். அடுத்த வருடம் வைகாசியில், ஊருக்கு வந்த ஒருவரிடம், குளிருக்கு உள்ளே புகுந்து படுக்கும் நித்திரைப் பைகள் மூன்றை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினார்கள். பிடித்ததைச் சொன்னால் பன்னிரண்டு அனுப்புவார்களாம்.

தலைவர் வீட்டு விறாந்தையில் விசேட கூட்டம் கூடியது. பச்சைப் பை இளவேனிலுக்கு. நீலப் பை தண்ணீர் உறையும் குளிருக்கு. செம்மஞ்சள் பை பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகைக்கு. வெளியே மாட்டுக்குக்கூட நிழலை விட்டு அசைய மனமில்லாத வெயில். எங்கள் விவாதத்தை அது சற்றும் பாதிக்கவில்லை.

ஏரம்பு எழுபத்தோராம் ஆண்டு நுவரெலியாவில் மூன்று நாள் நின்றவர். ஆகையால் குளிர் விடயத்தில் அவரே நிபுணர் என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். நிபுணர் போட்டிருந்த சேட்டைக் கழற்றாமல் செம்மஞ்சள் பைக்குள் இறங்கினார். நான் கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ஏழாவது நிமிடத்தில் ஏரம்புவின் முகம் பையின் நிறத்துக்கு வந்தது. வெளியே எடுங்கோ என்றார். சிப் இறுகிவிட்டது. தலைவர் இழுத்தார், நான் இழுத்தேன். உபதலைவர் விறாந்தையில் ஒரு பெரிய மிளகாய்ப்பழம்போல உருண்டார்.

அந்த நேரம் பார்த்து மீனாம்பிகை படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கொட்டிலில் இருந்தவள். தெற்கே காலி நகரில் அவளும் கணவன் தம்பிஐயாவும் துணிக்கடை வைத்திருந்தார்கள். தைப்பதெல்லாம் அவள்தான். நிலைமையைப் பார்த்தாள். கிணற்றடியிலிருந்து சவர்க்காரத் துண்டொன்றை எடுத்துவந்து சிப்பில் தேய்த்து, ஒரே இழுவையில் உபதலைவரை விடுவித்தாள். அவர் குளித்தெழுந்தவர்போல வெளியே வந்து, மூச்சு வாங்கி, தன் அறிக்கையைச் சமர்ப்பித்தார்.

"திறம் சாமான், அண்ணை. ஒரு குளிரும் இல்லை."

மீனாம்பிகை வந்த காரியத்தைச் சொன்னாள். கொட்டில் ஓலை உக்கிவிட்டது, போன மாரியிலேயே ஒழுகியது, இந்த மாரிக்குத் தாங்காது, தன் இரண்டு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி.

"எங்களுக்குப் பை வேண்டாம் ஐயா. ஓலை தாருங்கோ. நாங்களே வேய்ஞ்சு போடுவம்."

தலைவர் அன்போடுதான் பதில் சொன்னார்.

"பிள்ளை, ஓலை இண்டைக்கு நிகழ்ச்சி நிரலிலை இல்லை."

கூரை ஏரம்புவுடையது, ஆகவே அதைப்பற்றி அவர் முன்னால் பேசுவது நாகரிகமல்ல என்றும் எங்களுக்குப் பட்டது. பட்ட துன்பத்துக்கு ஆகக்கூடிய சூடே நியாயம் என்று செம்மஞ்சளைத் தெரிவுசெய்தோம்.

ஐப்பசியில் பைகள் வந்தன. கொட்டில் வாசலில் விழா. லண்டனுக்கு அனுப்பப் படம் பிடிக்க வேண்டியிருந்ததால், பயனாளிகள் பன்னிரண்டு பேரும் நடுப்பகலில் பைகளுக்குள் இறங்கிக் கழுத்துவரை மூடிக்கொண்டு கிடந்தார்கள். சற்று நடுங்கினால் நல்லது என்று படக்காரர் கேட்டுக்கொண்டார். தம்பிஐயா மட்டும் நடுங்க மறுத்துவிட்டான். அதைக் குறிப்பேட்டில் பதிந்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பாதகம் நடந்தது. பைகளின் வெளித்துணியில் தண்ணீர் ஊறாது என்பதை மீனாம்பிகை கண்டுபிடித்துவிட்டாள். சிப்பைத் திறந்தால் பை விரியும், ஒன்றின் சிப் மற்றதன் சிப்போடு பூட்டும் என்பதையும் கண்டுவிட்டாள். பன்னிரண்டையும் ஒன்றாகப் பூட்டி ஒரே விரிப்பாக்க, தம்பிஐயா ஏறி உக்கிய ஓலைக்கு மேலே விரித்துக் கயிற்றால் வரிந்து கட்டினான். செம்மஞ்சள் கூரை பஸ் றோட்டிலிருந்தே தெரிந்தது.

அவசரக் கூட்டம் கூடினோம். படுப்பதற்கு அளிக்கப்பட்ட பொருளின்மேல் படுக்கலாம், உள்ளே படுக்கலாம். கீழே படுப்பது நிபந்தனை மீறல் என்று தலைவர் தீர்ப்பளித்தார். வெளிநாட்டார் கண்டால் மானம் போய்விடும் என்றார் ஏரம்பு. மூவருமே நேரில் போனோம். தெற்கே வானம் கறுத்து, காற்று மாறியிருந்தது.

தம்பிஐயா எங்களோடு வாதாடவில்லை. ஒரு கடை எரிவதைப் பார்த்து நின்றவனுக்கு இது ஒன்றும் பெரிதல்ல என்பதுபோல, தானே ஏறி முடிச்சுகளை அவிழ்த்தான். மீனாம்பிகைதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மழை விட்ட பிறகு கழட்டுங்கோவன்."

விதியில் மழைபற்றி எதுவும் இல்லை என்று விளக்கினேன். கடைசிப் பையைச் சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்றி மூடியபோது முதல் துளி விழுந்தது. எங்கள் செயற்றிறனை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மழை மூன்று நாள் ஓயவில்லை. நாலாம் நாள் பிள்ளையை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நியூமோனியா. கழகத்தின் சார்பில் நான் பிஸ்கற் பெட்டியோடு போனேன். பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. மீனாம்பிகை பிஸ்கற்றை வாங்கவில்லை.

"லண்டனுக்கு எழுதேக்கை, பிள்ளை நனைஞ்சதையும் எழுதுங்கோ" என்றாள்.

பதினோராம் நாள் பிள்ளை தேறியது. அவர்கள் கொட்டிலுக்குத் திரும்பவில்லை. அப்படியே ஜெற்றிக்குப் போய், அனலைதீவில் உள்ள உறவினர் வீட்டுக்கு வள்ளம் ஏறிவிட்டார்கள்.

ஆண்டறிக்கையை நானே எழுதினேன். மீனாம்பிகை சொன்ன விடயம் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே இருந்ததால் சேர்க்க முடியவில்லை. ஆனால் அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை என்று சத்தியம் செய்வேன். அதன் கடைசி வரி இது:

"இம்மாரி முழுவதும், கழகத்தின் அயராத முயற்சியால், பைகள் பன்னிரண்டில் ஒன்றேனும் நனையவில்லை."