சம்பளம் வேண்டாத ரைட்டர்

நாட்டின் முதுகெலும்பு விவசாயி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பழைய தகவல். இன்று இந்தத் தேசத்தை நிமிர்த்தி வைத்திருப்பவர்கள், ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஏற்காட்டில் பால்கனி வைத்து வீடு கட்டி, காலை ஆறரைக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருகிற என் போன்றவர்கள்தான். ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று நாள் தவறாமல் நேரில் போய்ச் சரிபார்ப்பவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

என் பெயர் எஸ். விஜயகுமார். ஒரு வங்கியின் ஆய்வுத் துறையில் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். மற்றவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அதைக் குறையில்லாமல் செய்தேன். ஒரு கட்டத்தில் வங்கியே கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டதால் 'விருப்ப' ஓய்வு பெற்றேன். விருப்பம் யாருடையது என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஏற்காட்டில் எங்களைப் போல் இருபத்து மூன்று பேர் தேறினோம். உடனே 'சேர்வராயன் முன்கூட்டி ஓய்வு பெற்றோர் பேரவை' உருவானது. தலைவர் டோமினிக், காப்பீட்டுத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஐம்பத்தொன்றில் விலகியவர். செயலாளர் அடியேன். வாரம் ஒரு கூட்டம். இரண்டு வருடமாக ஏரிக்கரை பெஞ்சுகளுக்கு முதுகுச் சாய்வு தேவையா என்பதை எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

அப்படி இருக்கையில்தான் போன ஐப்பசியில் பெங்களூரிலிருந்து லோகேஷ் என்ற இளைஞர் வந்து எங்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். 'வாழ்க்கை நோக்கப் பயிற்சியாளர்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். வேலையை விட்டவர்களின் மூளை ஐந்தே வருடத்தில் நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிவிடும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் பலர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பகுதி நேர வேலைக்குப் போனால் என்ன அளவில் நிற்கும் என்று தலைவர் கேட்டார். எலுமிச்சை அளவுக்கு உத்தரவாதம் தரலாம் என்றார் லோகேஷ். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு உறுப்பினர் விசாரித்தபோது, இருபத்தெட்டு வயதிலேயே வேலையை விட்டுவிட்டதாகப் பெருமையோடு சொன்னார்.

'மூத்தோர் மீண்டும் பணிக்குத் திரும்ப வேண்டுமா?' என்ற பொருளில் விவாதம் தொடங்கியது. வேலைக்குப் போனால் மேலதிகாரி ஒருவர் இருப்பாரே என்று சிலர் கவலைப்பட்டார்கள். பென்ஷனோடு சம்பளமும் சேர்ந்தால் வருமான வரி என்னாவது என்று வேறு சிலர் கலங்கினார்கள். நான் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். நாம் சம்பளமே வாங்காமல் வேலை செய்யலாம். தேசத்துக்குச் சேவையும் ஆயிற்று, மூளைக்கு வேலையும் ஆயிற்று. அரங்கம் கரவொலியால் அதிர்ந்தது. அதாவது, டோமினிக் வீட்டு வரவேற்பறை.

அப்போது ஓர் இடையூறு. கூட்டத்துக்கு டீயும் சமோசாவும் கொண்டுவருகிற அப்துல் சமது பாய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவர், எழுபத்தொரு வயது, டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, சம்பளமே வேண்டாங்கற ஆளு கூட, சம்பளம் வேணுங்கற ஆளு எப்படீங்க போட்டி போடறது?"

டீ வழங்குவோர் விவாதத்தில் பங்கேற்க விதியில் இடமில்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வீட்டில் என் மனைவி மேனகா இந்தத் தீர்மானத்தை வரவேற்ற விதத்தை மறக்க முடியாது. நான்கு வருடமாக அவளுடைய பருப்பு டப்பாக்களில் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு என்று சீட்டு ஒட்டி வந்தவன் நான். எந்த வேலையானாலும் பரவாயில்லை, எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை, காலை டிபனைக் கையில் கட்டிக்கொடுக்கிறேன் என்றாள். இப்படிப்பட்ட உற்சாகத்தை எங்கள் கல்யாணத்தின்போதுகூட அவள் முகத்தில் நான் பார்க்கவில்லை.

தலைச்சோலை போகிற வழியில் சந்தோஷ் என்பவருக்கு அப்பா விட்டுப்போன காப்பி எஸ்டேட் இருக்கிறது. பழ எடுப்புக் காலம் தொடங்கியிருந்தது. அங்கே போய் என்னை அர்ப்பணித்தேன்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க சார்?"

"ஒரு பைசா வேண்டாம்."

"நாளைக்கே சேர்ந்துக்கறீங்களா?"

நேர்முகத் தேர்வு முடிந்தது. இருபத்தொன்பது வருட அனுபவத்தில் இத்தனை வேகமான நிர்வாக முடிவை நான் கண்டதில்லை.

எனக்கு ரைட்டர் வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு சிவரஞ்சனியிடம் வந்தது. பக்கத்து மலைக்கிராமமான மஞ்சக்குட்டைப் பெண், இருபத்தாறு வயது, தபாலில் பி.காம். முடித்தவள். ஐந்து வருடமாக அந்த எஸ்டேட்டின் ரைட்டர். ஆள் வரவு எழுதுவது, சாயங்காலம் ஒவ்வொருவர் பறித்த பழத்தையும் எடை போட்டுப் பேருக்கு நேரே குறிப்பது எல்லாம் அவள்தான். காலை ஏழு மணிக்கு ஷேர் ஜீப்பில் பாதி உடம்பு வெளியே தொங்க வந்து இறங்குவாள்.

முதல் நாளே நான் அவளிடம், உன்னுடைய ஐந்தாண்டு இலக்கு என்னம்மா என்று கேட்டேன். நவீன நிர்வாகத்தில் இதுதான் முதல் கேள்வி.

"தங்கச்சி தீபிகா சேலத்துல நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்கறாளுங்க சார். அப்பா இல்லீங்க. அவ படிச்சு முடிக்கற வரைக்கும் எனக்கு இந்த வேல இருக்கோணுங்க."

என் குறிப்பேட்டில் 'தொலைநோக்கு போதாது' என்று எழுதிக்கொண்டேன்.

இருபது நாள் கற்றுக்கொடுத்தாள். தராசு முள் ஆடி நிற்கும் வரை பொறுக்கச் சொன்னாள். ஈரச் சாக்குக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், எந்த இரண்டு பேரை ஒரே வரிசையில் விட்டால் சண்டை வரும், மழை தூறினால் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அந்த ஆபீஸில் ஒரே நாற்காலிதான். மூத்தவர் என்ற முறையில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவள் நின்றபடியே கற்பித்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. பதினெட்டுப் பெண்களுக்கும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை கொண்டுவந்தேன். ஒவ்வொரு காப்பிக் கிளையும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விட்டது. காலையில் பத்து நிமிட 'இலக்கு நிர்ணயக் கூட்டம்' நடத்தினேன். இன்று எவ்வளவு பறிப்பதாக உத்தேசம் என்று கேட்டதற்கு, கண்ணாயி என்ற அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி, "செடியில எவ்வளவு பழுத்திருக்குதோ அவ்வளவுங்க சாமி" என்று சொல்லி நவீன நிர்வாகவியலைச் சில நிமிடங்கள் திணறடித்தார்.

இந்தக் கண்ணாயி விஷயத்தில்தான் என் ஆய்வு மூக்குக்கு வேலை வந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு எடை போட வரிசை நிற்கும். அதற்கு முன் ஒவ்வொரு பெண்ணும் கண்ணாயியின் சாக்கைத் தாண்டிப் போகும்போது தன் சாக்கிலிருந்து ஒரு கை பழம் எடுத்து அதில் போட்டுவிட்டுப் போவதைக் கவனித்தேன். யாரும் பேசவில்லை, நிற்கவும் இல்லை. பதினேழு பேர், பதினேழு பிடி. அந்த நேரம் பார்த்து சிவரஞ்சனி பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். மறுநாளும் பேனா மூடி அதே நேரத்தில் தொலைந்தது.

கூப்பிட்டு விசாரித்தேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

"பிடி போடறதுங்க சார். கண்ணாயி அத்தைக்கு ஒரு கண்ணுல பொரை. பழம் எது காயி எதுன்னு கிட்டத்துல வெச்சுப் பாத்துத்தான் எடுக்கறாங்க. கையி நொம்ப மெதுவுங்க. எடை கொறஞ்சா அரை நாளு வரவுதாங்க விழும். அதுக்குத்தான். அவங்களும் வயசுல மத்தவங்களுக்குப் போட்டவங்கதானுங்க."

இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். விதி எதுவும் இல்லை, தன் அம்மா பழம் பறித்த காலத்திலிருந்தே இருக்கிறது என்றாள். பழ எடையில் எஸ்டேட்டுக்கு நஷ்டம் உண்டா என்று கணக்குப் பார்த்தேன். ஒரு கிராம் இல்லை. மொத்த எடை அப்படியே நின்றது. இருபத்தொன்பது வருடத்தில், நஷ்டமே இல்லாத முறைகேட்டை நான் சந்தித்ததில்லை. அதுவே என் சந்தேகத்தைப் பல மடங்கு ஆக்கியது.

'எடையில் கூட்டு முறைகேடு: ஒரு முதல்நிலை ஆய்வு' என்ற பதினொரு பக்க அறிக்கையை மூன்று நாளில் எழுதி முடித்தேன். மூளை எலுமிச்சையைத் தாண்டிச் சாத்துக்குடியை நோக்கி விரிவதை என்னால் உணர முடிந்தது. கடைசிப் பக்கத்தில், கண்டும் காணாமல் இருந்த ரைட்டர் 'மேல் நடவடிக்கைக்கு உரியவர்' என்று முடித்தேன். வங்கியில் அந்த வாக்கியத்தை நான் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். கோப்பு மேலே போகும், அங்கேயே தூங்கும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. மேலே இருப்பவர் உண்மையிலேயே நடவடிக்கை எடுப்பார் என்பதற்கு எனக்கு முன் அனுபவம் கிடையாது.

சந்தோஷ் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

"நீங்களே எழுதிட்டீங்க சார். அந்தப் பொண்ண அனுப்பிடலாம். சும்மா செய்ய நீங்க இருக்கறப்ப எனக்கு இன்னொரு ரைட்டர் எதுக்கு?"

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஆபீஸ் சாவியை மேசையில் வைத்தாள். நாற்காலியில் இருந்த எனக்கு ஏனோ எழுந்து நிற்கத் தோன்றியது. வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை, மேல் நடவடிக்கை என்றுதான் எழுதினேன் என்று விளக்கினேன். சரிங்க சார் என்றாள். என் நிலைமையையும் அவள் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

"எனக்கு வேலை இல்லாம இருக்க முடியலைம்மா."

"எனக்குந்தானுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஜீப்புக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள்.

அன்றிலிருந்து பிடி போடுவது தடை செய்யப்பட்டது. கண்ணாயிக்கு நாலு நாள் தொடர்ந்து அரை நாள் வரவே விழுந்தது. ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. மனிதாபிமானம் உள்ள நிர்வாகி என்ற முறையில் தலைச்சோலையில் இருக்கும் அவர் வீட்டுக்கே நேரில் போனேன். வாசலில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தார். உழைத்தது போதும், இனி ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள், ஓய்வின் அருமை எனக்குத் தெரியும் என்று எடுத்துச் சொன்னேன். கண்ணாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"எடுத்து எங்கீங்க சாமி வெக்கறது? நீங்களும் எடுத்தீங்க. உங்க ஊட்ல வெச்சிருக்க முடிஞ்சுதுங்களா?"

வயதானவர்களுக்குச் சில சமயம் பேச்சு கோர்வையாக வராது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

தை மாதப் பொதுக்குழுவில் என் 'பணிக்குத் திரும்புதல்' முன்மாதிரித் திட்டமாக அறிவிக்கப்பட்டது. என் சர்க்கரை குறைந்தது, ரத்த அழுத்தம் இறங்கியது, மேனகா இரண்டு கிலோ கூடினாள் என்பதெல்லாம் திரையில் வரைபடமாகக் காட்டப்பட்டது. மூத்தோர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது இனி விவாதத்துக்கு அப்பாற்பட்டது என்றார் தலைவர். இன்னும் எட்டு உறுப்பினர்கள் கொட்டச்சேடு வரை உள்ள எஸ்டேட்டுகளில் சம்பளமின்றித் தொண்டாற்றக் கிளம்பிவிட்டார்கள் என்று சேதி சொன்னார்.

அடுத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி. வயதாகும் முன்பே வேலையை இழந்தவர்களின் மனசு நமக்குத்தானே தெரியும் என்று தலைவர் உருகினார். அதனால் சிவரஞ்சனியை அழைத்திருந்தார். வாம்மா, உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று போனில் சொல்லியிருக்கிறார். அவள் சான்றிதழ்களை ஒரு ஃபைலில் அடுக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். வயது வரம்பைத் தளர்த்தி, பேரவையின் மிக இளைய உறுப்பினராக அவளைச் சேர்ப்பதாக அறிவித்தார்கள். இருபத்தாறு வயதிலேயே ஓய்வு பெறும் பேறு எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை என்று தலைவர் வாழ்த்தினார். வேலை எதுவும் இல்லீங்களா என்று அவள் மெதுவாகக் கேட்டது கைதட்டலில் சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

உறுப்பினர் படிவத்தை நீட்டினார்கள். அவள் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஃபைலைக் கீழே வைத்து, அதன் மேல் படிவத்தை வைத்து நிதானமாக நிரப்பினாள். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, கடைசி ஜீப் போய்விடும் என்று இறங்கிப் போனாள்.

படிவத்தில் 'ஓய்வு பெற்றதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்களில் பலர் அதில் உடல்நிலை என்றோ குடும்பச் சூழ்நிலை என்றோ எழுதியிருப்போம். சிவரஞ்சனி 'எஸ். விஜயகுமார்' என்று எழுதியிருந்தாள்.

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். பரிந்துரைத்தவர் பெயர் கீழே அல்லவா வர வேண்டும், பாவம், அவசரத்தில் கட்டம் மாறிவிட்டது பிள்ளைக்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திருத்திவிடுங்கள் என்று படிவத்தை என்னிடம் கொடுத்தார்.

அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடித்தே இருபத்தொன்பது வருடம் பிழைத்தவன் நான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தை மூன்று முறை படித்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.