கோட்டைப் பூங்காவில் குனிந்தவர்

"கோட்டையே இல்லாத கோட்டைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீ. வெறும் கல்லும் புல்லும். அதுக்கு விமானம் வேற."

ஜப்பானில் சொன்ன அதே வசனத்தை என் கணவர் குகநேசன், திரும்பி வந்து எங்கள் புருசெத் வீட்டிலும் சொன்னார். ஆனால் இரகசியக் குரலில். திரைச்சீலைகள் மூடியிருந்தன. குழாய் திறக்கத் தடை.

காரணம், வெளியே டுக்னாட். கட்டடத்திலுள்ள எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டுகிற சனிக்கிழமை. பதினொரு வருடமாக அன்றைக்கு மட்டும் இவருக்கு இடுப்பில் நாரி பிடிக்கும், குனிய முடியாது. இவர் பங்கையும் நானே கூட்டுவேன். இந்த வருடம் கூட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அவரோ, திங்கள்தான் திரும்புவோம் என்று டுக்னாட் பொறுப்பாளர் அருளானந்தனிடம் சொல்லிவைத்திருந்தார்.

"கோட்டை எரிஞ்சு இப்ப பூங்காவா இருக்கு எண்டு புக் பண்ணேக்கையே எழுதிக்கிடந்தது. நீங்கள் வாசிக்கேல்லை."

"மெல்லக் கதை. கீழை கேக்கும்."

"கேக்கட்டும். அங்கை உங்கட நாரி எங்கை போனது?"

அவர் திரைச்சீலையை இன்னும் இழுத்து மூடினார். ஜப்பானில் அந்தக் கோட்டையின் அகழியோரம் உதிர்ந்த செரிப் பூக்களை ஊர்க் கிழவர்கள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குனிந்து வணங்கி இவரிடம் தும்புத்தடியை நீட்டினார். இவர் அவரைவிட ஆழமாகக் குனிந்தார். பிறகு முக்கால் மணித்தியாலம் கூட்டினார், பல்லெல்லாம் தெரிய. "படம் எடு" என்றதும் இவரேதான்.

எடுத்தேன்.

அழைப்பு மணி அடித்தது. அவர் சோபாவுக்குப் பின்னால் குந்தினார்.

"திறக்காதை. நாங்கள் ஜப்பானில நிக்கிறம்."

"நான் படிச்ச கொன்வென்ற்றில ஒரு பொய்க்கு அரை மணித்தியாலம் முழங்காலில நிக்கவேணும். எனக்கு இப்ப அந்த முழங்கால் இல்லை."

திறந்தேன். அருளானந்தன் ஒரு கையில் கைபேசியோடும் மறு கையில் தும்புத்தடியோடும் நின்றார்.

"அக்கா, எங்கட கட்டடக் குழுவில நீங்கள் போட்ட படம் பாத்தனான். நாரி சுகம், சனிக்கிழமை வருவார் எண்டு எழுதியிருந்தியள். எங்கை அண்ணை?"

சோபாவைக் காட்டினேன். அதன் பின்னாலிருந்து முதலில் வழுக்கை எழும்பியது. பிறகு என் கணவர். என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கோட்டை இன்னொரு தரம் எரிந்திருக்கும். தும்புத்தடியை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

நான் குழாயை முழுதாகத் திறந்து கேத்திலை நிரப்பினேன். தேத்தண்ணி ஊற்றும்போது ஜன்னலுக்குக் கீழே குரல் கேட்டது.

"தேவி, இந்த முறை உண்மையாவே நாரி பிடிச்சிட்டுது. நிமிர ஏலாமல் கிடக்கு. ஒருக்கால் கீழை வாவன். தேவி?"