ஆலைக்கு வந்த சம்பந்தி

"யார் இன்னான்னு சொன்னாதான் சார் கேட்டைத் தொறப்பேன்" என்று காவலாளி சடையப்பன் அசையாமல் நின்றார்.

காரின் பின்சீட்டில் ஜெர்மனிக்காரர் வெபர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷாகிருக்கு வியர்த்தது.

மருந்துக் கம்பெனிகளை வாங்கவும் விற்கவும் ஏற்பாடு செய்வது அவன் வேலை. மும்பையில் அதற்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் என்று பெயர். பழவேற்காட்டில் அவன் அம்மா பீவி ஜான், "பேங்க்ல இருக்கான்" என்று சொல்லிவைத்ததில், ஊருக்குப் போனால் நாலு பேர் நகைக்கடன் கேட்கிறார்கள். 2007 பிறந்ததிலிருந்து இரண்டு பேரங்கள் கவிழ்ந்துவிட்டன. இதுவும் போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் இது தானாக வந்த பேரம். கும்மிடிப்பூண்டியில் இந்த மருந்து ஆலையை வாங்கித் தரச் சொல்லி வெபரே கடிதம் எழுதியிருந்தார். தன் பெயர் ஜெர்மனி வரை போய்விட்டது என்று ஷாகிர் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தான். முதலாளி ஆதிநாராயணன் ஒரே நிபந்தனைதான் போட்டார். விற்கும் விஷயம் தொழிலாளிகள் காதில் விழுந்தால் கொடி பிடித்துவிடுவார்கள், அப்புறம் பேரமே கிடையாது.

"முதலாளிக்குச் சம்பந்தி ஆகப்போறவரு" என்றான் ஷாகிர், வாயில் வந்ததை.

சடையப்பன் காருக்குள் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்தியா கீதே சார்."

"அவர் மாப்பிள்ளையோட அப்பா."

கேட் திறந்தது. கார் ஆபீஸ் வாசலுக்குப் போவதற்குள் கேன்டீன் செண்பகம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். வெபரின் நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் ஏறியது. ஆலை பார்க்க வருகிற எல்லோருக்கும் இங்கே இப்படித்தான் என்று ஷாகிர் ஆங்கிலத்தில் சமாளித்தான்.

உள்ளே சூப்பர்வைசர் யேசுதாஸ் அவனை ஓரங்கட்டினார்.

"சார், முதலாளிக்கு ஒரே பொண்ணு. போன தையிலதான் திருவள்ளூர்ல கல்யாணம். நாங்கல்லாம் சாப்ட்டுக்கினு வந்தோம்."

"இது அவர் அண்ணன் பொண்ணு."

"அவருக்கு அண்ணனே கெடையாதே."

"ஒண்ணுவிட்ட தம்பி பொண்ணு."

யேசுதாஸ் யோசித்தார். "அப்ப சரி" என்று மைக்கை எடுத்து, சம்பந்தி வந்திருக்கும் சேதியை ஆலை முழுக்க அறிவித்துவிட்டார். பாதிப் பேர் மெஷினை விட்டுவிட்டு வரிசையாக நின்று வெபருக்குக் கைகொடுத்தார்கள். கேன்டீனில் கேசரி கிளற ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆதிநாராயணன் வந்து இறங்க, அவர் கழுத்தில் மாலை விழுந்தது.

"இன்னாய்யா இது? யாருக்குக் கல்யாணம்?" என்று ஷாகிரின் காதைக் கடித்தார்.

"உங்க ஒண்ணுவிட்ட தம்பி பொண்ணுக்கு."

"எனக்கு ஒண்ணுவிட்ட தம்பியே இல்லியேய்யா."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் சார். வெளியே தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

வேறு வழியில்லாமல் ஆதிநாராயணன் வெபரைக் கட்டிப்பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். இத்துடன் தன் வேலை போயிற்று என்று ஷாகிர் முடிவுகட்டிவிட்டான்.

ஆனால் வெபர், குங்குமம் மூக்கில் வழிய வழிய, ஒரு மெஷின் விடாமல் பார்த்தார். கேசரியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாலு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து, ஆலையை வாங்கிக்கொள்வதாகவும் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னார்.

ஷாகிர் உடனே மும்பைக்குப் போன் போட்டான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மேலதிகாரி சபாஷ் என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கிளம்பும்போது செண்பகம் கேசரிப் பொட்டலத்தை நீட்டினாள். இத்தனை வெள்ளந்தியான ஜனங்களை ஏமாற்றிவிட்டோமே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. இனி மறைக்கவும் ஒன்றுமில்லை.

"மன்னிச்சுக்கங்க அக்கா. கல்யாணமெல்லாம் பொய். அவர் இந்தக் கம்பெனியை வாங்க வந்தவர்."

"தெரியும் சார்" என்றாள் செண்பகம். "மொதலாளி இத்த இடிச்சிட்டு குடோன் கட்டப்போறாருன்னு தெரிஞ்சதும், ஜெர்மனிக்குப் போற மருந்து டிரம்ல ஒட்டற அட்ரஸைப் பாத்து, வந்து வாங்கிக்கங்கன்னு அவருக்கு லெட்டர் போட்டதே நாங்கதான்; இவருக்கு ஆரத்தி எடுத்தா அது மொதலாளிக்குத் தெரிஞ்சி பேஜாராயிடுமேன்னு பயந்துக்கினு இருந்தோம், நல்லவேளை நீங்க கல்யாணம்னு சொன்னீங்க."