முத்திரையின் எடை

"முத்திரை குத்திக் கொடுங்க சார். வேற வேலைக்கு மனுப் போடறேன்."

மேலதிகாரியிடம் முத்திரை கேட்கவே கூடாது, அவராகக் குத்தினால் குத்தட்டும் என்று சொல்லித்தான் ஸ்மரந்தாவை அவள் அம்மா நகராட்சிக்கு அனுப்பியிருந்தாள். அம்மா தையல் ஆலைக்காரி. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஸ்மரந்தா. வாயை மூடத் தெரியாத முதல் ஆளும் அவள்தான்.

மேலதிகாரி கவ்ரிலெஸ்கு கோபப்படவில்லை.

"மாவட்ட ஆவணக் காப்பகமா? இன்னிக்கு நாலு மணிதான் கெடு."

சான்றிதழ்களின் நகல் பதினாறு பக்கம். ஒவ்வொன்றிலும் நீல வட்ட முத்திரையைப் பொத்து பொத்தென்று குத்தினார். ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கினாள். முப்பத்தெட்டு மெகாபைட். காப்பகத்தின் இணையதளம் இரண்டுக்கு மேல் வாங்காது.

சுருக்கினாள். இரண்டுக்கு வந்தது. முத்திரை பிளம் பழக் கறையாகிவிட்டது.

"என்ன பொண்ணே இது? முத்திரை தெரியாத காகிதம் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை மாதிரி. அச்செடு, மறுபடி குத்தறேன்."

கறையின் மேலேயே குத்தினார். மறுபடி ஸ்கேன் செய்தால் நாற்பத்தொன்று.

"நீங்க குத்தக் குத்த ஊதுது சார்!"

"அப்ப சுருக்கு. மெதுவா. எந்தப் பொத்தான் அது?"

மூக்குக்கண்ணாடியும் குறிப்பேடுமாக அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தாள். ஒன்றரை. முத்திரையும் கறுத்துப்போனது.

"நீலமா இல்லன்னா யாரு நம்புவா? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சான்றுத் தாள் வை. அதுல நீலத்துல குத்தித் தரேன். கலர்லயே எடு."

பதினாறு முப்பத்திரண்டானது. எழுபத்தாறு மெகாபைட். மணி மூன்றரை.

"நான் போகக் கூடாதுன்னுதானே இப்படிப் பண்றீங்க?"

"சேச்சே! சுருக்கறதுல அந்த நாலாவது படிய மட்டும் இன்னொரு தடவ காட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு காப்பகத்தின் வேலை அறிவிப்பை முதலிலிருந்து படித்தாள். கடைசி வரியில் இருந்தது: நகல்களில் விண்ணப்பதாரரின் கையெழுத்தே போதும், முத்திரை தேவையில்லை. அந்த நகராட்சியில் இதுவரை எவரும் கடைசி வரிவரை போனதில்லை. முத்திரை மேசையிலேயே இருக்கும்போது எதற்குப் படிப்பது?

புதிதாக நகலெடுத்தாள், கையெழுத்திட்டாள், கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தாள். ஒன்று புள்ளி இரண்டு. 'பெறப்பட்டது' என்று திரை பச்சையாகச் சிரித்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

கையோடு ராஜினாமாவையும் தட்டினாள். அந்த வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, இந்த முத்திரையின் முன்னால் இனி நிற்பதில்லை. ஒரே பக்கம். பதினொரு கிலோபைட். கவ்ரிலெஸ்குவுக்கு அனுப்பிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஸ்மரந்தா! இரும்மா, அந்த அஞ்சாவது படி..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல்காவலர் சாஃப்தா கதவைத் திறந்துவிட்டு, படியிறங்குகிறவளின் முதுகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"உன்னோட மனு போயிடுச்சா கண்ணு? பாவம், அதே வேலைக்கு அவரும் திங்கட்கிழமையிலேருந்து ஏத்திப் பாக்கறாரு, பக்கத்துக்கு மூணு முத்திரை குத்தி!"